காமன் பொட்டலும் சித்திரை வருசமும்



சித்திரை வருசத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வாசல்களில் கூட்டம் நிற்கிறது. புத்தாண்டுச் சடங்குகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மருத்து நீர், கைவிசேஷம், புண்ணிய காலம் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறேன். ஆனாலும் என் மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வசந்த காலத்துக்கு இரண்டு பண்டிகைகள். ஒன்று எல்லோரும் அறிந்த சித்திரை முதல் நாள். அதற்கு அரசாங்க விடுமுறை உண்டு, கலண்டரில் சிவப்பு எழுத்து உண்டு. மற்றது மாசி வளர்பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து. அதன் பெயரில் விடுமுறையும் இல்லை, சிவப்பு எழுத்தும் இல்லை. அந்த இரண்டாவது பண்டிகைக்காகத்தான் இன்று அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

சித்திரையிலிருந்தே தொடங்குவோம். சூரியன் மீன ராசியை விட்டு மேட ராசிக்குள் நுழையும் நேரமே நமக்கு வருசப்பிறப்பு. இந்தக் கணக்கை வைத்திருப்பவர்கள் நாம் மட்டும் இல்லை. கேரளத்தில் விஷு, வங்காளத்தில் பொய்லா பைசாக், அசாமில் பிகு, பஞ்சாபில் வைசாகி, ஒடிசாவில் பணா சங்கராந்தி, எல்லாம் ஏப்ரல் நடுவில் வருபவை. கடல் கடந்தால் தாய்லாந்தின் சொங்க்ரானும் பர்மாவின் திஞ்ஞானும் அதே நாட்களில்தான் வருகின்றன. தெலுங்கரும் கன்னடரும் மராட்டியரும் சந்திரனை வைத்துக் கணக்கிடுவதால் அவர்களுடைய யுகாதியும் குடி பாட்வாவும் சில நாட்களோ சில வாரங்களோ முந்தியே வந்துவிடும்.

இந்த நாளை வசந்தத்தின் தொடக்கம் என்று வானியலார் ஒப்புக்கொள்வார்களா? பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. நமது வருசம் அதற்கு 24 நாட்கள் பிந்தி வருகிறது. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் ஆண்டு, பருவங்களை வைத்து அளக்கும் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளமானது. அந்த 20 நிமிடங்கள் சேர்ந்து சுமார் 71 ஆண்டுகளுக்கு ஒரு நாளாகின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒன்றாக இருந்தன. அன்று முதல் விலகிக்கொண்டே வருகின்றன.

ஆனால் இலங்கைக்கு இந்த விலகல் ஒரு விதத்தில் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இந்தத் தீவுக்கு நேர் உச்சியில் நடக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வோர் ஆண்டும் எந்த ஊருக்கு எந்த நாள் என்று அறிவிக்கிறது. நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் முதல் வாரம் முடியும் தறுவாயில் சூரியன் உச்சிக்கு வரும். யாழ்ப்பாணத்தைக் கடக்கும்போது ஏறக்குறைய சித்திரை பிறந்திருக்கும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் நடுப்பகலில் நிற்கிறவரின் நிழல் அவர் காலடிக்குள் ஒடுங்கிப்போகும் நாட்கள் இவை. நம் மாணவர்களுக்கு இதை ஒரு கம்பை நட்டு அளந்து காட்டலாம். எந்தப் பாடப்புத்தகமும் வேண்டியதில்லை.

இனிச் சடங்குகள். சித்திரைக்கு முந்திய நாட்களில் வீரகேசரியும் தினகரனும் வருசப்பிறப்புப் பலனை அச்சிடும். 60 ஆண்டுச் சுற்றில் இந்த வருசத்துக்கு என்ன பெயர், வாக்கிய பஞ்சாங்கப்படி எத்தனை மணிக்குப் பிறக்கிறது, திருக்கணிதப்படி எத்தனை மணிக்கு, புண்ணிய காலம் எது, எந்த நிறத்தில் உடுத்த வேண்டும், மருத்து நீர் வைக்கும்போது தலையில் எந்த இலை, காலடியில் எந்த இலை, கைவிசேஷத்துக்கு எந்த நேரம் என்று எல்லாம் இருக்கும். வாக்கியக் கணக்கில் சங்கிரமத்துக்கு, அதாவது சூரியன் ராசி மாறும் கணத்துக்கு, முன் 10 நாழிகை, பின் 10 நாழிகை புண்ணிய காலம். எட்டு மணித்தியாலம். சிங்கள மக்களின் நொனகத இதைவிட நீளம்: முன்னும் பின்னும் 6 மணி 24 நிமிடம், மொத்தம் 12 மணி 48 நிமிடம். சூரிய வட்டம் முழுவதும் ராசி எல்லையைத் தாண்ட அவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர்களுடைய கணக்கு. அந்த நேரத்தில் அவர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள், வேலை செய்யமாட்டார்கள், பன்சலைக்கு, அதாவது விகாரைக்கு, போவார்கள். நமக்கோ அது முழுகிக் கும்பிடும் நேரம். ஒரே சூரியன், ஒரே கணம். ஒருவருக்கு ஓய்வு, மற்றவருக்கு நீராட்டு.

மருத்து நீருக்குப் பஞ்சாங்கம் சொல்லும் பொருள்களைப் பாருங்கள். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பீர்க்கு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, சுக்கு. இதில் எத்தனை நம் மலையில் முளைக்கின்றன? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தாழை இல்லை. மா பழுக்காது. வேம்பு பிடிக்காது. தமிழ்நாட்டில் புத்தாண்டுப் பச்சடியில் போடும் வேப்பம்பூவை மலை உச்சித் தோட்டத்தில் தேடினால் கிடைக்காது. அந்தப் பட்டியல் சமவெளியில் வாழ்ந்தவர்கள் தங்கள் தோட்டந்துரவைப் பார்த்து எழுதியது. ஆகவே ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோவில் போன்ற நகரத்துக் கோவில்களில் குருக்கள் காய்ச்சித் தரும் மருத்து நீரைப் போத்தலில் வாங்கிக்கொண்டு பஸ்ஸேறுகிறோம். வீட்டில் பெரியவர்கள் அதைப் பிள்ளைகள் தலையில் வைத்துவிடுகிறார்கள். அது கிடைக்காத மேல் டிவிஷன்களில் மஞ்சள் கரைத்த தண்ணீரே மருத்து நீர். அதில் குறையொன்றும் இல்லை என்பது என் எண்ணம். மூத்தவர் கையால் இளையவர் தலை நனைய வேண்டும், சடங்கின் உயிர் அதுதான்.

கைவிசேஷமும் அப்படியே. வெற்றிலையில் வைத்துக் கொடுக்கும் ஒரு ரூபாய்க்கும் மதிப்பு உண்டு, கொடுக்கும் கையில் அந்த மதிப்பு இருக்கிறது. தோட்டத்துக் குடும்பத்துக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பண்டிகைக்குக் கையில் காசு வேண்டும். நமது மக்களைக் கேட்டால் பெரிய பண்டிகை தீபாவளி என்றுதான் சொல்வார்கள். முற்பணம் கிடைப்பது தீபாவளிக்குத்தானே. அந்தக் காசும் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிபட்டுக்கொண்டே வரும். சித்திரை வரும்போது பல வீடுகளில் அந்தக் கழிவு முடிந்திருக்காது.

இங்கேதான் தேயிலையின் கலண்டரைக் கவனிக்க வேண்டும். பஞ்சாங்கத்துக்கு மேலாக நம்மை ஆண்டது அந்தக் கலண்டர். டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் தை, மாசி மாதங்களில் மழை நின்று வறட்டுக் காற்று வீசும். நுவரெலியாவில் பனி விழுந்து புல் வெள்ளையாகும், கொழுந்து கருகும். அந்த நாட்களில் கிடைக்கும் இலைக்கு நல்ல மணம், கொழும்பு ஏலத்தில் நல்ல விலை. ஆனால் இலை குறைவு. பறிக்கிறவருக்கு நிறை வராது, கைக்காசு வராது, சில நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். பங்குனி கடந்து பின்னேர இடிமழை தொடங்கியதும் மலை முழுவதும் கொழுந்து தள்ளும். சித்திரை, வைகாசி நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு அள்ளிக் கொடுக்கும் மாதங்கள்.

அதாவது வசந்தத்தின் முதல் பகுதி வறுமையும் குளிரும், இரண்டாம் பகுதி மழையும் கொழுந்தும். முதல் பகுதியில் நம் முன்னோர் காமன் கூத்து ஆடினார்கள். இரண்டாம் பகுதியில் சித்திரை வந்தது. இலை குறைந்த மாசி இரவுகளில் விடிய விடியக் கூத்துப் பார்க்க நேரம் இருந்தது. இலை தள்ளும் சித்திரையில் ஒரு நாள் லீவுக்கே தோட்டத்தை நடத்திய பெரிய தொரையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த பண்டிகைகளில் எது தோட்டத்தில் ஆழமாக வேர்விட்டது என்பதற்கு இது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

காமன் கூத்தைப் பார்க்காத பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் ஊன்றுவார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. அதுதான் காமன் பொட்டல். கரும்பு, பேக்கரும்பு, ஆமணக்கு, மாவிலை என்று அந்தந்த இடத்து வழக்கப்படி சேர்த்துக் கட்டி, வைக்கோல் பிரி சுற்றி, மஞ்சள் துணியில் காப்புக் கட்டி நடுவார்கள். கரும்பு ஏன் என்றால் காமனுடைய வில் கரும்பு. அன்று முதல் பௌர்ணமி வரைக்கும் அந்தி சாய்ந்தால் தப்பு முழங்கும். ஒவ்வோர் இரவும் பொட்டலில் பாட்டு நடக்கும். வேடம் கட்டப் போகிறவர்கள் விரதம் இருப்பார்கள். பிள்ளை வரம் கேட்டவர்களும் நோய் தீர வேண்டிக்கொண்டவர்களும் தங்கள் மகனை மதனாகவோ ரதியாகவோ வேடம் கட்ட விடுவதாக நேர்ந்திருப்பார்கள். ரதியும் ஆண்தான். ஆனால் வேடம் கட்டிய பிறகு அந்தப் பையனை யாரும் பையனாகப் பார்ப்பதில்லை. ரதியும் மதனும் லயத்து வாசலுக்கு வரும்போது காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டு, கைக்குழந்தையைக் காலடியில் கிடத்துவார்கள்.

கதை இதுதான். தக்கன் வேள்வியில் உமையைப் பிரிந்த சிவன் தவத்தில் அமர்ந்துவிட்டார். சூரபத்மனால் தேவர்கள் அல்லல்படுகிறார்கள். சிவனுக்குப் பிள்ளை பிறந்தால்தான் அவனை வெல்ல முடியும். தவத்தைக் கலைக்க யார் போவது? மன்மதனைக் கூப்பிடுகிறார்கள். தூதன் ஓலையோடு வருகிறான். ரதிக்குக் கெட்ட கனவு வந்திருக்கிறது. போகாதே என்று அவள் மன்றாடுகிறாள். பொட்டலில் அந்த வாக்குவாதம் வெகுநேரம் பாட்டாகவே நடக்கும். கடைசியில் அவன் போகிறான். மலர்க்கணை தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது. பௌர்ணமி இரவு கழிந்து விடியும் வேளையில் பொட்டலில் நட்ட காமன் தீயில் எரிகிறான். அதற்குப் பிறகு ரதியின் புலம்பல். எத்தனையோ மரணங்களைப் பார்த்த தோட்டத்துப் பெண்கள் அந்த ஒப்பாரிக்கு விம்மி அழுவார்கள். வீரபத்திரன், எமன், நந்தி, காளி, குறவன், குறத்தி, கோமாளி என்று வேடங்கள் வரும் போகும், ஆனால் கூட்டத்தின் கண் ரதியை விட்டு நகராது. மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள். பால் தெளித்துச் சாம்பலிலிருந்து அவனை உயிர்ப்பிக்கும் சடங்கு அது. எழுந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், மற்றவர்களுக்கு உருவம் இல்லாதவன்.

எரிந்து, மூன்றாம் நாள் உயிர் திரும்புதல். பட்ட கிளையில் துளிர் வரும் பருவத்தில் இந்தக் கதையை ஆடுகிறார்கள். புது வருசச் சடங்கு என்று வேறு எதைச் சொல்வது?

இதற்குப் பழைய வேர் உண்டு. வேனில் காலத்தில் காமனுக்கு எடுத்த விழாவைக் கலித்தொகை வில்லவன் விழா என்று குறிக்கிறது. சிலப்பதிகாரத்தில் தேவந்தி என்ற தோழி, பிரிந்துபோன கணவன் திரும்பிவர வேண்டுமானால் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் முழுகிக் காமவேள் கோட்டத்தைத் தொழும்படி கண்ணகிக்குச் சொல்கிறாள். கண்ணகி அது பெருமையன்று என்று மறுத்துவிடுகிறாள். அவள் மறுத்தாள் என்பதைவிட, பூம்புகாரில் அப்படியொரு கோட்டம் இருந்ததாக இளங்கோ சொல்வதே இங்கே நமக்கு முக்கியம். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதல் பத்தையே காமனை நோக்கிப் பாடினாள். தை மாதம் முழுவதும் தரை மெழுகிக் கோலமிட்டு, மாசி தொடங்கும்போது மெல்லிய மணலால் தெருவை அழகு செய்து நோன்பு நோற்றதாகச் சொல்கிறாள். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் திருக்குறுக்கை வீரட்டானம் காமனை எரித்த தலமாகவே கும்பிடப்படுகிறது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் காமன் பண்டிகையும் லாவணியும் இருந்தன. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணியாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று இரவெல்லாம் பாட்டில் வழக்காடுவார்கள். வடக்கே அதே மாசிப் பௌர்ணமியில் ஹோலிக்கு நெருப்பு மூட்டுகிறார்கள்.

அந்தத் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்துதான் நம் பாட்டன் பாட்டிமார் வந்தார்கள். முதலில் கோப்பிக்கு, கோப்பியை இலை நோய் அழித்த பிறகு தேயிலைக்கு. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நடையில் மூட்டையில் எதைக் கொண்டுவர முடியும்? கோவிலைக் கொண்டுவர முடியாது, தேரைக் கொண்டுவர முடியாது. பாட்டைக் கொண்டுவரலாம். தப்பின் அடியைக் கையில் கொண்டுவரலாம். பொன்னர் சங்கர் கதையும் அர்ச்சுனன் தபசும் காமன் கூத்தும் அப்படித்தான் கடல் தாண்டின.

ஆனால் கொண்டுவந்ததை எல்லாம் ஒரு மக்கள் கூட்டம் வைத்துக்கொள்வதில்லை. 150 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கதையை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

கந்தபுராணத்தில் கச்சியப்பர் சொல்லும் காமன் தானாகப் போகவில்லை. முதலில் மறுக்கிறான். பிரமன் சபித்துவிடுவதாக மிரட்டிய பிறகு, அந்தச் சாபத்தில் அழிவதைவிடச் சிவன் கையில் அழிவது மேல் என்று புறப்படுகிறான். அனுப்பியவர்கள் பெரியவர்கள். அவர்களுடைய காரியம் அவர்களுக்கு ஆக வேண்டும். எரிந்தவன் அனுப்பப்பட்டவன். வீட்டில் நின்று அழுதவள் மனைவி. ஆள் சேர்க்க வந்த பெரிய கங்காணியின் பேச்சை நம்பி, முன்பணக் கடனோடு கப்பலேறிய மக்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருந்திருக்குமா? ஓலை வருகிறது, போகாதே என்று பெண் தடுக்கிறாள், அவன் போகிறான், திரும்பி வரவில்லை. அந்த வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் இறந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை பொட்டலில் ரதி அழுதபோது அவர்களுக்காகவும் அழுதார்கள் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். 1948-இல் குடியுரிமை பறிபோன பிறகும், 1964-இல் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்த பிறகும், அந்த அழுகைக்குப் புதிய காரணங்கள் சேர்ந்தன. ஹட்டன் ரயில் நிலையத்தில் தலைமன்னார்க் கப்பலுக்காக ஏறியவர்களை வழியனுப்பிய குடும்பங்கள் இன்றும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

மூன்றாம் நாள் அவன் எழுகிறான், அதுவும் கதையில் இருக்கிறது. நாமும் எழுந்தோம்.

இந்தக் கூத்தைப் புகழும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. தப்பு இல்லாமல் காமன் இல்லை. ஊன்றும் நாளில் ஓர் அடி, தூதுக்கு ஓர் அடி, போருக்கு ஓர் அடி, எரியும்போது ஓர் அடி. இத்தனையும் தெரிந்த கலைஞனைத்தான் பல தோட்டங்களில் சாதி சொல்லி ஒதுக்கினார்கள். பொட்டலில் அவனுடைய அடிக்குச் சாமி வரும், மறுநாள் அவனுக்குத் தனிக் குவளை. தேயிலை மலையில் எல்லோரும் ஒரே கூடையைச் சுமந்தோம், ஒரே பெரட்டில் நின்றோம். அப்படியிருந்தும் இந்த அழுக்கைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தோம். தப்படிக்கும் பிள்ளை தன் கலையைப் படிக்க வெட்கப்பட்டு விட்டுவிடுகிறான் என்று இன்று குறைப்படுகிறவர்கள், அந்த வெட்கத்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காமன் கூத்தைக் காப்பாற்றுவது என்றால் முதலில் தப்பிசைக் கலைஞனுக்கு மேடையில் நாற்காலி போடுவதுதான்.

இந்தப் பருவத்தின் மாரியம்மன் திருவிழாக்களைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மன் தேர் மாசி மகத்தில் ஓடுகிறது. தோட்டங்களில் மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் கரகம், பாற்குடம், பறவைக்காவடி, தீமிதிப்பு, மஞ்சள் நீராட்டு என்று ஒவ்வொரு தோட்டமும் முறை வைத்து நடத்துகிறது. அதைத் தொட்டுவிட்டு நகர்கிறேன்.

சித்திரைக்குத் திரும்புவோம். இன்று தோட்டங்களில் சித்திரை முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. நம் இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். சித்திரைக்குக் கொழும்பு மூடிக் கிடக்கும். புறக்கோட்டைக் கடைகள் நாட்கணக்கில் திறப்பதில்லை. ஆகவே ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழிந்து பிள்ளைகள் ஊர் வருகிறார்கள். தாய்மார் வடையும் முறுக்கும் அதிரசமும் சுட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து கவுமும் கொக்கிசும் பாற்சோறும் வரும், நமது வீட்டிலிருந்து பலகாரம் போகும். கசப்பான ஆண்டுகளைப் பார்த்த மலைநாடு இது. 1977, 1983 இனக்கலவரங்களை யாரும் மறக்கவில்லை. அந்தப் பலகாரத் தட்டுகள் இன்றும் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் போய்வருகின்றன என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. உலகத்தில் இரண்டு மொழிக்காரர்கள், இரண்டு சமயத்தவர்கள் ஒரே நாளைத் தங்கள் வருசப்பிறப்பு என்று சேர்ந்து கொண்டாடும் நாடுகள் அதிகம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த நாளைப் பற்றிச் சர்ச்சை ஒன்று நடந்தது. 2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று அங்கே சட்டம் வந்தது, 2011-இல் அது நீக்கப்பட்டது. நாம் அந்தப் பக்கம் சாய வேண்டுமா, இந்தப் பக்கம் சாய வேண்டுமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நமக்கு அந்த அவசரம் இல்லை. தைக்கு உழவன் பொங்குகிறான், நாமும் பொங்குவோம். சித்திரைக்குச் சூரியன் நம் தலைக்கு மேல் நிற்கிறது, அதையும் கும்பிடுவோம்.

இதே சித்திரையில்தான் நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நடக்கிறது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார் ஓட்டம். வெள்ளைக்காரத் தொரைமார் தங்கள் உல்லாசத்துக்கு ஏற்படுத்திய வசந்த விழா அது. இன்று கொழும்பிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து குளிரை அனுபவித்துவிட்டுப் போகிறார்கள். வரட்டும். ஆனால் அந்தச் சீசனில் நம் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹோட்டல் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறார்கள், பூங்காவில் களை பிடுங்குகிறார்கள், வீதியோரத்தில் கரட்டும் லீக்சும் விற்கிறார்கள். இந்த மண்ணின் வசந்தத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு, இதே மண்ணின் வசந்தக் கூத்து ஒன்று இருப்பதே தெரியாது. மாசியில் நடப்பதை அவர்களுக்காகச் சித்திரைக்கு மாற்றி மேடையில் அரை மணி நேரம் ஆடிக் காட்ட வேண்டும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அதை நான் எதிர்க்கிறேன். காப்புக் கட்டாத காமன் வெறும் வேடம். உண்மையான கூத்து வேண்டுமானால் அவர்கள் மாசியில் வரட்டும், பனியில் நம்மோடு சாக்கை விரித்து உட்காரட்டும்.

கூத்து ஏன் குறைந்துவருகிறது? இளைஞர் கொழும்பில் இருக்கிறார்கள். மாசிப் பௌர்ணமிக்குக் கொழும்பு சித்திரையைப் போல நாட்கணக்கில் மூடுவதில்லை. ரதிக்கு ஆள் இல்லை, மதனுக்கு ஆள் இல்லை. பாட்டுத் தெரிந்த வாத்தியார்கள் வயதாகிப் போகிறார்கள். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகப் பாடல்களைத் தேடிச் சேர்த்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்குப் பிறகு அந்த அளவு உழைப்பு போதவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் காமன் பாட்டு வேறு வேறு. பழைய நோட்டுப் புத்தகங்களில் அவரவர் கையெழுத்தில் அவை கிடக்கின்றன. கூரைத் தகரம் ஒழுகும் லயத்தில் அந்த நோட்டு எத்தனை மழையைத் தாங்கும்?

இன்னொரு காரணம் காணி. காமன் பொட்டல் தோட்டத்து நிலம். 1992-க்குப் பிறகு தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறின. பொட்டலைச் சுற்றித் தேயிலை கைவிடப்பட்டுக் காடாகிப்போன இடங்கள் உண்டு. பொட்டலிலேயே கட்டடம் எழும்பிய இடங்களும் உண்டு. லயத்தை விட்டுச் சொந்தக் காணியில் தனி வீடு கிடைப்பது நாம் தலைமுறையாகக் கேட்டுவந்த உரிமை. அது இன்னும் வேகமாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புதுக் கிராமத்துக்கு வரைபடம் போடும்போது வீதி போடுகிறார்கள், தண்ணீர்த் தொட்டி போடுகிறார்கள், ஊர் கூடி நிற்க ஒரு வெட்டவெளி போடுவதில்லை. லயத்து முற்றத்தில் தானாக இருந்தது புதுக் கிராமத்தில் கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். பிரதேச சபை உறுப்பினர்கள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். புதிய வீட்டுத் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது, காமன் பொட்டலுக்கு இடம் எங்கே என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர்களே, தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்குகிறீர்கள், நல்லது. அதே பிள்ளைகளை மாசியில் ஓர் இரவு பொட்டலுக்கும் கூட்டிப் போங்கள். கோவில் பரிபாலன சபையார், தப்பிசைக் கலைஞர்களுக்குக் கோவிலுக்குள் மரியாதை செய்யுங்கள், அவர்களுக்கு உரிய கூலியையும் கொடுங்கள். கொழும்பிலிருந்து சித்திரைக்கு வரும் தம்பிமாரே, உங்கள் எல்லோருடைய கையிலும் போன் இருக்கிறது. இந்த விடுமுறையில் உங்கள் தோட்டத்துக் காமன் வாத்தியார் வீட்டுக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். அவருக்கு வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷமும் கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு வாருங்கள். அடுத்த மாசிக்கு அவர் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். எப்படியானாலும் இந்தச் சித்திரைக்கு இருக்கிறார், போய்ப் பாருங்கள்.